நாளை ஐந்தரை மணிக்கு அச்சன்புதூருக்குப் போவது யார்?

மாரி பொழியும் மலையடிவாரத்தில் மண்டபம் பிடித்து, மைக்கை என் கையில் கொடுத்து மாட்டிவிட்டிருக்கும் எங்கள் வணிகர் நலச் சங்கத்தின் தலைவர், பெருமதிப்பிற்குரிய தளவாய் அண்ணாச்சி அவர்களே! துணைத்தலைவர் ஜெகதீஸ்வரன் அண்ணாச்சி அவர்களே! சாரலில் நனைந்தும் சளைக்காமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! செல்போனைப் பார்த்தபடியே என் பேச்சைக் கேட்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் செயலாளர் குற்றாலீஸ்வரனின் குழப்பம் கலந்த வணக்கம்!

குழப்பம் என்றா சொன்னேன்? ஆம், அதைத்தான் சொன்னேன். சங்க வேலைகளைப் பட்டியல் போட்டுப் பங்கிட, இனி எந்தச் செயலி என்று நான் இன்று அறிவிக்க வேண்டுமாம். ஆறு மாதத்தில் மூன்று செயலி மாற்றியவன் நான். நான்காவது எது? சத்தியமாக எனக்குத் தெரியாது! சிரிக்காதீர்கள் ஐயா, தெரியாமல்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

முதல் செயலியைக் கொண்டுவந்தவர் செல்போன் கடை துல்கர்னைன். என்ன அழகு, என்ன வேகம்! ஆனால் பெயர்களை அகர வரிசையில் அடுக்கிவிட்டது. சேர்ந்து இரண்டே வாரமான அய்யாக்குட்டி உச்சியில், தலைவர் எங்கோ கீழே. "தலைவர் பேரத் தரையில போட்டிருக்கியளே, நல்லாவா இருக்கு?" என்று ஆளாளுக்குக் கொதித்தார்கள். மாற்றினோம்.

இரண்டாவது செயலி, நாள் கடந்தால் சிவப்பு எழுத்தில் 'தாமதம்' என்று காட்டும். துணைத்தலைவர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏலே துல்கர்னைன், எங்க அப்பாவே என்னைய இப்படிக் கேட்டதில்ல. இது கேக்குதுலே!" அதையும் மாற்றினோம்.

மூன்றாவது செயலி ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளர் பெயர் கேட்டது. யார் பெயரை எழுதுவேன்? மூத்தவர் பெயரை எழுதினால் ஏவியதாகும். இளையவர் பெயரை எழுதினால் மூத்தவரை ஒதுக்கியதாகும். என் பெயரை எழுதினால் எல்லாவற்றையும் இவனே அள்ளிக்கொள்கிறான் என்பீர்கள். எனவே எல்லா வேலைக்கும் ஒரே பெயர் எழுதினேன்: 'அனைவரும்'! கைதட்டாதீர்கள். அங்கேதான் வினை வந்தது.

நாம் நடத்திய கண் முகாமில் அச்சன்புதூர் வடிவம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். திருநெல்வேலியில் ஆபரேஷன். வேன் அனுப்புவது நம் பொறுப்பு. செயலியில் ஏற்றினேன். பொறுப்பாளர்: அனைவரும். இருபத்தேழு பேர் பார்த்தீர்கள், இருபத்தேழு பேரும் கட்டைவிரலை உயர்த்தினீர்கள். வேன் போகவில்லை! செயலாளர் அனுப்பிவிடுவார் என்று துல்கர்னைன் இருந்துவிட்டார். நானோ, தலைவரே அனுப்பியிருப்பார் என்று நிம்மதியாக இருந்தேன். அந்தத் தாய் பஸ் ஸ்டாப்பில் பையோடு பத்து மணிவரை நின்றிருக்கிறார். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் மகள் ஆனந்தவள்ளி காவலர் பயிற்சியில் இருக்கிறாள். அடுத்த மாதம் அணிவகுப்பு. பெற்றவள் அதைப் பார்க்க வேண்டாமா? டாக்டர் மனமிரங்கி இன்னொரு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். அந்த நாள், நாளை! இப்போது சொல்லுங்கள், வேனை எந்தச் செயலியில் ஏற்றுவது? முதலாவதிலா? மூன்றாவதிலா? புதிதாக ஒன்றிலா?

யாரம்மா எழுந்திருப்பது? வடிவம்மாளா? மைக்கை அங்கே கொடுங்கப்பா.

"அண்ணாச்சி, செல்லுல நீங்க என்னத்த வேணா வச்சுக்கிடுங்க. அன்னைக்கும் வேன் வரும்னுதான் சொன்னிய. நாளைக்கு யாரு வருதாவ? ஒரு பேரு சொல்லுங்க. எனக்கு வண்டியும் தெரியாது, முகமும் தெரியாது. பேரு சொன்னாத்தான் நான் நம்பி ஏற முடியும்."

கேட்டீர்களா? ஜெகதீஸ்வரன் அண்ணாச்சி, ஏன் ஃபேனைப் பார்க்கிறீர்கள்? துல்கர்னைன், ஏன் குனிகிறீர்கள்? நான் மட்டும் யோக்கியமா? மைக்குக்குப் பின்னால் ஒளிகிறேன்!

பதவியா பெரிது? பட்டமா பெரிது? வரிசையா பெரிது? ஒரு தாயின் பார்வை பெரிது! எழுதிக்கொள்ளுங்கள்: காலை ஐந்தரை, அச்சன்புதூர், பொறுப்பாளர் குற்றாலீஸ்வரன். ஆஸ்பத்திரியில் உடனிருக்க இன்னும் ஒருவர் வேண்டும். தலைவர் அவர்களே, உங்கள் பெயரைச் சொல்கிறேன். ஏவுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்!

என்ன சொன்னீர்கள் அண்ணாச்சி? மைக்கில் சொல்லுங்கள், எல்லாரும் கேட்கட்டும்.

"வருதேன்லே. அஞ்சு மணிக்கே எங்க வீட்டு வாசல்ல நிக்குதேன். நீ பிந்தாம வந்து சேரு."

இப்போது தட்டுங்கள் கையை! எந்தச் செயலி என்ற குழப்பம் இன்னும் எனக்குத் தீரவில்லை. தீரும்போது சொல்கிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. எழுந்து கேட்ட வடிவம்மாள் அவர்களே, உங்களுக்கு இரட்டை நன்றி. நாளை பஸ் ஸ்டாப்புக்கு வந்து நிற்க வேண்டாம் தாயே, வீட்டிலேயே இருங்கள். குற்றாலீஸ்வரனும் தளவாயும் வாசலில் வந்து கூப்பிடுவார்கள். வணக்கம்!