சின்னையா சயாமுக்குப் போகாத கதை

குளிர் ஊரில் செம்பனை எண்ணெய் உறைந்துவிடும். சமைக்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை, புட்டியை அடுப்போரம் நகர்த்தி வைத்தால் தீர்ந்தது. புல்டோசர் ஓட்டுகிறவனுக்கு அவ்வளவு லேசில் தீராது, இன்ஸ்பெக்டர்.

எலும்பைப் பற்றிக் கேட்டால் இந்தக் கிழவன் எண்ணெயைப் பற்றிப் பேசுகிறானே என்று உங்கள் முகம் சொல்கிறது. எண்ணெய் உறையாமல் இருந்திருந்தால் அந்த மெஷினுக்கு இரண்டாவது ஆளைப் போட்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது ஆள் இல்லையென்றால், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தக்காளிக்குப் பாத்தி வெட்டியவர்களுக்கு அந்த எலும்பும் கிடைத்திருக்காது. ஆகவே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த நாகரத்தினம் கூட்டிச் சொல்கிற ஆள் என்று ரிங்லெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உண்மைதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் எதைக் கூட்டுவேன், எதைக் கூட்ட மாட்டேன் என்பது கொஞ்ச நேரம் கேட்டால் உங்களுக்கே பிடிபடும்.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை அந்த மெஷினைக் கப்பலில் வரவழைத்துத் தாப்பாவிலிருந்து மலையேற்றினார். அது உறுமினால் ஈப்போவில் தூங்குகிற குழந்தை எழுந்து அழும். பேராக் பக்கம் இன்றைக்கு மேடாக இருக்கிற இடமெல்லாம் நான் இந்தப் பக்கத்திலிருந்து தள்ளிய பகாங் மண்தான். துரைமார் கிளப்பில் அதற்கு என் பெயரை வைக்கலாமா என்று பேசிக்கொண்டதாகக் கேள்வி.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை ஒரே காரில் மலையிறங்கிப் போய்விட்டார். கணக்கெழுதுகிற கிராணி அடுத்த நாள் போனார். மெஷின் போகவில்லை. அது போகவில்லை என்பதால் நானும் போகவில்லை.

வந்த ஜப்பான் அதிகாரியின் பெயர் மொரிதா. அவருக்குத் தேயிலை வேண்டாம், பட்டாளத்துக்குக் காய்கறியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேண்டும். பள்ளத்தாக்கை மட்டமாக்கு என்று சைகையில் காட்டினார். டீசல் கிடையாது, கீழேயிருந்து பீப்பாய் பீப்பாயாகச் செம்பனை எண்ணெய் வந்தது. இரவுக் குளிரில் அது வெண்ணெய் மாதிரி கெட்டியாகிவிடும். காலையில் ஒருவன் கரியடுப்பை வைத்து எண்ணெயையும் குழாயையும் இளக்கிக்கொண்டே இருக்க, இன்னொருவன் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அடுப்பு வைக்க வந்தவன்தான் சின்னையா. கொழுந்துக் காட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன், என்னைவிட நாலைந்து வயது இளையவன். எதையும் ஒரு தடவை காட்டினால் போதும், பிடித்துக்கொள்வான்.

எண்ணெய் சூடேறி எஞ்சின் ஓடினால் புகையில் பலகார வாசனை வரும். தீபாவளிக்கு முறுக்குப் பிழிகிற வீட்டு வாசனை, இன்ஸ்பெக்டர். சோற்றுக்கு வழியில்லாத காலம் அது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துச் சனம் முழுக்க மெஷின் பின்னாலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கும். ஒரு கிழவர் அந்தப் புகையைத் தொட்டுக்கொண்டு மரவள்ளிக் கிழங்கு தின்றார். இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை.

பிறகு சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரயில் பாதை போடுகிற வேலை என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. மற்றவர்கள் காட்டுக்கும் கீழ் ஊர்களுக்கும் ஓடினார்கள். லயம் வரிசை வரிசையாக இருட்டிப் போயிற்று. மழை பெய்தால் தகரக் கூரைகளின் சத்தம் மட்டும்தான், கதவைச் சாத்தக்கூட ஆளில்லை. நானும் சின்னையாவும் மெஷின் கொட்டகைக்கே குடிவந்துவிட்டோம். மெஷின்காரர்களை மொரிதா தொட மாட்டார்.

நான் கதை சொல்லுவேன், அவன் கேட்பான். வெறுமனே கேட்க மாட்டான், கணக்கு வைத்துக்கொள்வான்.

"நேத்து ஒரு புலின்னீங்க அண்ணே. இன்னிக்கு ரெண்டாயிடுச்சே."

"ராத்திரி குட்டி போட்டுருச்சுலா."

"பொறந்த குட்டியா வந்து மெஷின் பிளேடுல நகத்தத் தீட்டிக்கிச்சு?"

"புலிக்குட்டிடா. வயித்துக்குள்ளயே நகம் மொளைச்சுரும்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். என் கதையில் எவனும் அப்படிச் சிரித்ததில்லை. என் பெண்டாட்டி கல்யாணமான மறு வருஷமே அக்காள் வீட்டுக்குப் போனவள், திரும்பவே இல்லை. பேச்சு தாங்கவில்லை என்று சொன்னாளாம்.

சின்னையாவின் பெண்டாட்டி இராசம்மா, தாப்பாவில் தாய் வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை பிறந்த செய்தி வந்திருந்தது. அன்றிலிருந்து அவனுக்குப் பாதிக் காதுதான் என்னிடம் இருந்தது. புலி பாய்கிற இடத்தில், "மொரிதா துரைகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்கண்ணே, எறங்கிப் போயிட்டு வந்துர்றேன்" என்பான். போனால் வர மாட்டான் என்பது எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் வர மாட்டேன்.

இருந்தாலும் கேட்டேன். தானா ராத்தா டவுனில் அவர்கள் நடத்திய நிப்பொங்கோ என்கிற ஜப்பான் மொழி வகுப்பில் நான்தான் முதல், ஜப்பான் சக்கரவர்த்தியே என் உச்சரிப்பைக் கேட்டால் தோற்றுப்போவார். சின்னையா அந்த வகுப்பில் தூங்கினவன். மொரிதாவுக்கோ மலாய் வராது. ஒரு நாள் காலையில் அவர் கொட்டகைக்கு வந்து, அவனைப் பார்த்துத் தலையசைத்து, கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார்.

"என்னாண்ணே சொல்றாரு?"

"சயாமுக்கு அடுத்த லாரிடா. உன் பேரும் இருக்கு."

அவன் கரியடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "மெஷின்காரவங்கள எடுக்க மாட்டாங்கன்னீங்க" என்றான். "சட்டம் மாறிப்போச்சு" என்றேன். ஓடிவிடலாமா என்று கேட்டான். சாலை முழுக்கக் காவல், சுட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். நொண்டியை மட்டும் சயாமுக்கு எடுப்பதில்லை என்று பொதுவாகத்தான் சொன்னேன். இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கவ்வாத்துக் கத்தியால் காலை வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. அவனுக்கு அந்தத் தைரியம் கிடையாது. அவனிடம் கேட்டுச் செய்திருந்தால் வீணாகப் பயந்திருப்பான். அந்தத் தொந்தரவை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

அன்றைக்கு மெஷினுக்குச் சக்கரம் மாதிரி ஓடுகிற இரும்புச் சங்கிலியில் ஒரு ஆணி மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலை எப்படியென்றால், ஒருவன் சங்கிலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காலை அதன் தகட்டுக்கு முட்டுக் கொடுத்துச் சுத்தியல் அடிப்பான். தேய்ந்த ஆணி கைக்கு எட்டுகிற இடத்துக்கு வர, மேலே இருப்பவன் மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவான். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. ஆகவே கீழே இருப்பவன் மண் தள்ளுகிற பிளேடில் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் முன்னால், இரண்டு தட்டினால் பின்னால். தட்டாமல் நகர்த்தக் கூடாது. துரை இருந்த காலத்திலிருந்து அதுதான் முறை. நான்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

அவன் தட்டவில்லை. நான் ஒரு சாண் முன்னால் நகர்த்தினேன்.

வலது கால், கணுக்காலுக்குக் கீழே. சங்கிலி கனமானது, அதனால் வேலை சட்டென்று முடிந்துவிட்டது. பின்னால் எடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். என் வேட்டியைக் கிழித்துக் கட்டினேன்.

"ஏண்ணே நவுத்துனீங்க" என்று கேட்டான்.

"நீதானடா தட்டுனே."

"நானா?"

"ஒரு தட்டு. கணீர்னு கேட்டுச்சு."

சாயங்காலத்துக்குள் நம்பிவிட்டான். "சுத்தியல் பட்டுருக்கும்ணே, உங்க மேல தப்பு இல்ல" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். அப்படிப்பட்ட பையன்.

தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொன்னான். "குணமாக்கிச் சயாமுக்கு அனுப்பிடுவானுங்க, பேசாம படு" என்றேன். அவன் லாரியில் போய்விட்டான் என்று மொரிதாவிடம் சொன்னேன், அவரும் தலையாட்டினார். அவன் பங்கு அரிசி நின்றது. என் பங்கில் பாதியைக் கொடுத்தேன். ஒரு நாள்கூடக் குறைத்ததில்லை, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் நானே கரியடுப்பு வைத்து, நானே எஞ்சினைக் கிளப்பினேன். கொஞ்சம் ஓட வேண்டும், அவ்வளவுதான். ஒருவனே செய்யக்கூடிய வேலை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மாலையில் வந்து காலைக் கழுவிவிட்டுக் கதையை ஆரம்பிப்பேன். இப்போது அவன் காது முழுக்க என்னிடம் இருந்தது. அந்தக் கதைகளைப் போல நான் அதற்கு முன்னாலும் சொன்னதில்லை, பின்னாலும் சொன்னதில்லை. யானை புல்டோசரைக் கல்யாணம் செய்துகொண்ட கதை அப்போது பிறந்ததுதான். காய்ச்சல் இல்லாத நாளில் சிரிப்பான். "யாருண்ணே தாலி கட்டுனது?" என்று கேட்பான். என் ஆயுசில் நல்ல காலம் எது என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

கால் கறுத்துக்கொண்டே வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், பச்சிலை வைத்துப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் இராசம்மா வந்தாள். தாப்பாவிலிருந்து மலைப்பாதை முழுக்க நடந்து, இடுப்பில் பிள்ளையோடு. கொட்டகைக்குக் கொஞ்சம் தள்ளி மெஷினை ஓடவிட்டு எண்ணெய்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைக் கண்டதும் எஞ்சினை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அண்ணே, இவரு எங்க?"

"சயாமுக்கு எடுத்துட்டாங்கம்மா."

அவள் அழவில்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"யாரோ கூப்புடுற மாதிரி இருக்கேண்ணே."

"எஞ்சின்ல வால்வு கத்துதும்மா. எண்ணெய் சரியில்ல."

கொட்டகைப் பக்கம் ஒரு அடி வைத்தாள். நான் எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றினேன். பெண்பிள்ளை, சத்தத்துக்குப் பயந்து நின்றுவிட்டாள். இரண்டு கைகளாலும் பிள்ளையின் காதைப் பொத்தினாள். "ஒத்தையிலயா இருக்கீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். புருஷனுக்கென்று கொண்டுவந்த கருவாட்டுச் சம்பல் பொட்டலத்தை, "நீங்களாச்சும் சாப்புடுங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அதை நான் மட்டும் தின்னவில்லை. சின்னையாவுக்குத்தான் முதலில் ஊட்டினேன். டவுனில் கடைக்காரர் ஒருவர் கொடுத்தது என்றேன். இரண்டு வாய் தின்றான்.

"இராசம்மா கைப்பக்குவம் மாதிரியே இருக்குண்ணே. மத்தியானம் அவ கொரலு கேட்டாப்புல இருந்துச்சு. கத்திக் கூப்புட்டேன்."

"காய்ச்சல்டா. காய்ச்சல் வந்தா எல்லாக் கொரலும் கேக்கும்."

"ஆமாண்ணே" என்றான். அதற்குப் பிறகு கதை நடுவில் கேள்வி கேட்பதை விட்டுவிட்டான். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த மழையில் போய்விட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை கிடைத்தது, சொல்லுங்கள். பள்ளத்தாக்கில் கடைசியாக மட்டமாக்கிய மூலையில் வைத்து மண்ணைத் தள்ளி மூடினேன். மண்வெட்டியால் செய்திருந்தால் மேடு தெரியும். புல்டோசர் வேலையில் தெரியாது. அந்த மூலையைப் போல மட்டம் நான் எங்கேயும் செய்ததில்லை, மொரிதாவே பாராட்டினார். மேலே சர்க்கரைவள்ளி போட்டார்கள்.

சண்டை முடிந்ததும் தாப்பாவுக்குப் போய், சின்னையா சயாமிலேயே இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதாக இராசம்மாவிடம் சொன்னேன். எப்படிப் போனார் என்று கேட்டாள். அங்கே அவன் ஒரு ஜப்பான்காரனைத் தூக்கி ஆற்றில் வீசியதையும், சாகும்போது அவள் பெயரைச் சொன்னதையும் சொன்னேன். வீசியது நான் கூட்டியது. மற்றது உண்மை. வருஷத்துக்கு ஒரு தடவை போவேன். புதிதாக ஏதாவது சொல்லுவேன். அவள் கேட்பாள். அவள் இறந்த பிறகு மகள் என்னைக் கூப்பிடவில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அன்றைக்குக் கொட்டகையில் மொரிதா சொன்னதைச் சொன்னால் உங்களுக்கு விளங்கிவிடும். "மட்டமாக்கும் வேலை முடியப்போகிறது, இனி மெஷினுக்கு ஒருவன் போதும். இவனுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாமே. நாளைக்குக் காய்கறி லாரி கீழே போகிறது, தாப்பாவில் இறக்கிவிடச் சொல்கிறேன்" என்றார். தனக்கும் ஊரில் மூன்று பெண் என்று விரலையும் காட்டினார். சயாம் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. அது என் மொழிபெயர்ப்பு.

அவர் லாரி என்றதும் நான் வெளியே பார்த்தேன். லயம் முழுக்க மழை மூட்டம். அதற்குள் ஒரு அடுப்புகூட எரியவில்லை.

இவ்வளவுதான். காலை நசுக்கியது நான், ஆஸ்பத்திரிக்கு விடாதது நான், அவளைத் திருப்பி அனுப்பியது நான், புதைத்ததும் நான். எதையும் கூட்டவில்லை. ஆனால் ஒன்று, இன்ஸ்பெக்டர். தாப்பாவில் அந்த வருஷம் வீடு வீடாகப் புகுந்து சயாமுக்கு ஆள் பிடித்தார்கள். அவன் இறங்கியிருந்தால் கட்டாயம் பிடித்திருப்பார்கள். அவனைக் காப்பாற்றியது நான்தான். மற்றதையெல்லாம் எழுதுகிறவர் அதையும் விடாமல் எழுதட்டும்.