அத்தை இல்லாத பனிப்பயணம்

"...அதுக்கு நான் இன்னா பண்ண முடியும், நீயே சொல்லு. பத்திரமான எடம், புள்ளைங்க வெளயாடற எடம்னு போன பொங்கலுக்கு வாய் ஓயாமப் பேசி இழுத்துனு போனது எந்தம்பி, உன் மாமனாரு. நானா கேட்டேன்? இந்த ஊரு மார்கழி பனிக்கே மஃப்ளர் கட்டிக்கினுதான் பால் வாங்கப் போறவ நான். சரி, வந்தது வந்துட்ட, சும்மா ஒக்காராத, இந்த நெத்திலியக் கொஞ்சம் கிள்ளு. தலையப் புடிச்சி இப்படி இழுத்தா கொடலும் கூடவே வந்துரும்... ஆங், அப்படித்தான். எம்.எஸ்சி. படிச்சாலும் கை வருது உனக்கு."

நிவேதா கிள்ளினாள். நெத்திலி கிள்ளுவதற்காக அவள் மரக்காணத்துக்கு வரவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் திரும்புவதற்காக வந்திருந்தாள்: 'அத்தை, இந்தப் பொங்கல் லீவுக்கும் எல்லாரும் பனிக்குப் போறோம், நீங்க மட்டும் வரல.' குடும்பம் முழுவதும் கூடிப் பேசி, கல்யாணமாகி ஆறு மாதமே ஆன மருமகளிடம் அந்த வாக்கியத்தை ஒப்படைத்திருந்தது. மற்ற எல்லாரும் மலர்கொடி அத்தையிடம் ஏற்கெனவே ஒருமுறையாவது பேசித் தோற்றவர்கள். இவள் ஒருத்திதான் பாக்கி. அவள் கணவன் அரவிந்தன் வாசற்படிகூட ஏறாமல், தெருமுனையில் பைக்கோடு நின்றுகொண்டான்.

நிவேதாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. இடம் தேடும் வேலையையும் அவள் தலையில்தான் கட்டியிருந்தார்கள். நாத்தனார் ஜெயாவின் இரண்டு பிள்ளைகளும் பயமில்லாமல் விளையாடக்கூடிய பனிச்சரிவு ஒன்றை, வாரக்கணக்காகப் போனில் துழாவி, மணாலிக்கு மேலே ஒரு சிறு கிராமத்தில் கண்டுபிடித்திருந்தாள். மாமனார் பஞ்சநாதன் பெயரில் இரண்டு முறை அறை கேட்டாள். காரணம் சொல்லாமல் இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள்.

"நான் எல்லாத்தையும் கெடுத்துட்டனாம். ஜெயா சொல்றா, ஊரெல்லாம் சொல்றா. கெடுத்தது யாரு? மொத நாள் ஜீப்புக்காரன் ஒரு எடத்துக்குக் கூட்டினு போனான். ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் பள்ளம், நடுவுல நம்ம புள்ளைங்க. குதிரை வேற போவுது, வருது. குதிரை போற எடத்துல பனி வெள்ளையாவா இருக்கும்? உன் மாமனாரு அதுல ஒரு கை அள்ளித் தலைல போட்டுக்கினு, போட்டோ புடி, போட்டோ புடின்றான். நான் ஒண்ணும் சொல்லல. நல்லா போட்டுக்கட்டும்னு வுட்டுட்டேன்."

நெத்திலிகள் சட்டியில் விழுந்துகொண்டே இருந்தன. நிவேதா வாயைத் திறந்தாள்.

"இரு, சொல்லி முடிச்சிடறேன். சறுக்கறதுன்னா மேல எவ்ளோ ஒசரம்னு எல்லாரும் பாக்கறான். கீழ எங்க போயி நிக்கும்னு எவனாவது பாக்கறானா? நான் பாத்தேன். அங்க சறுக்கினா லாரிக்கு அடியிலதான் போயி நிக்கும். வண்டியத் திருப்புன்னேன். ரெண்டாவது எடம். பாக்க நல்லாத்தான் இருந்துச்சி. காத வெச்சிக் கேட்டா அடியில சலசலன்னு தண்ணி. உப்புப் பாத்தியில பாத்திருப்பியே... நீ எங்க பாத்த, ஆபீசுக்கும் வூட்டுக்கும்தான உனக்கு வழி தெரியும்... மேல வெள்ளையா கெட்டியாத் தெரியும், கால வெச்சா மொழங்கால் வரைக்கும் சேறு இழுக்கும். பனிக்கு மட்டும் வேற புத்தியா? திருப்புன்னேன். மூணாவது எடத்துல மலைமேலேர்ந்து ஒரு பனிப்பாளம் அப்படியே தொங்கிக்கினு நிக்குது, எப்ப எறங்கலாம்னு. அதுக்குக் கீழ ஒருத்தன் மேகி விக்கறான், இவங்க நாலு பிளேட்டு சொல்லிட்டாங்க. எழுந்து வாங்கடான்னேன். ஜீப்புக்காரன் பாத்தான். எங்கள தங்கின வூட்டாண்ட எறக்கி வுட்டுட்டு ஒரு கும்புடு போட்டான், அதுக்கப்பறம் போனே எடுக்கல."

தெருமுனையில் ஹாரன் ஒருமுறை ஒலித்தது.

"எவன்டா அவன், சும்மா அடிச்சிக்கினு... ஆனா ஒண்ணு சொல்லணும் கண்ணு. நாங்க தங்கினமே, அந்த வூட்டுக்குப் பின்னாடியே இருந்துச்சி எடம். நீலத் தகரக் கூரை, பக்கத்துல எலயே இல்லாம ரெண்டு ஆப்பிள் மரம். சின்னச் சரிவு. கீழ வந்தா சமமா, நம்ம பாத்தி மாதிரி அகலமா கெடக்குது. மோத ஒரு கல்லு கெடையாது. வேகமா வர்ற சறுக்குப் பலகை தானா மெதுவாயி, தானா நிக்கும். அத வுட்டுட்டு ஊரெல்லாம் சுத்தறாங்க."

நிவேதாவின் விரல்கள் நின்றன. நீலக் கூரை, இரண்டு ஆப்பிள் மரங்கள். அவள் போனில் சேமித்து வைத்திருந்த படம் அதுதான். சென்ற வருடம் தங்கிய இடத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், "அந்தப் பேச்சே வேணாம்" என்று மாமனார் எழுந்து போனதன் அர்த்தம் இப்போதுதான் விளங்கத் தொடங்கியது. கையெல்லாம் மீன், போனை எடுத்துச் சரிபார்க்கவும் வழியில்லை.

"எடம் பத்திரம்தான். ஆனா வழுக்குச்சே. நடந்து பாத்தேன், காலு நிக்கல. புள்ளைங்க வழுக்கி வுழுந்தா? வெளிநாட்டுல பனி வழுக்கினா ரோட்டுல உப்பு கொட்டுவாங்கன்னு போன்ல பாத்திருக்கேன். உப்பு எங்கிட்ட இல்லாமலா? ஒருத்தர் வூட்டுக்குப் போறோம், வெறுங்கையோடவா போவாங்க? நம்ம பாத்திக் கல்லுப்பு, ஒரு பை கொண்டுனு போயிருந்தேன். விடியறதுக்கு முன்னாடி எழுந்து, வயலுக்கு யூரியா தூவற மாதிரி மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு எடம் வுடாம தூவிட்டேன். இப்ப வழுக்காதுடான்னு காபி குடிக்கறப்ப சொல்றேன், எழுந்து ஓடிப் பாக்கறாங்க, உப்பு பட்ட பனியெல்லாம் கரைஞ்சி சொதசொதன்னு கெடக்குது."

நிவேதா உதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். சிரித்தால் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது.

"சிரிக்காத. உன் மாமனாரு அப்பவும் ஒத்துக்கல. ஒண்ணும் ஆவாதுன்னு அவனே பலகைல ஏறி ஒக்காந்தான். பாதி வழியில பலகை நின்னுபோச்சி. அவன் நிக்கல. பேன்ட்டு, பனியனு, காது, எல்லாத்துலயும் சேறு. என்னிய ஒரு வார்த்த சொல்ல தைரியம் இருக்குதா அவனுக்கு? அந்த வூட்டுக்காரர் பாவம், டீ எடுத்துனு வந்தாரு. அவரப் புடிச்சிக் கத்தறான், பனின்னு சொல்லி சேத்தக் காட்டி ஏமாத்தறியான்னு. அதோட வுட்டானா, போன்ல ஒரே ஒரு ஸ்டாரு குத்தினான். பனி இல்ல, சேறுதான் இருக்குதுன்னு எழுதினான். எம்மேல இருந்த கோவத்த அந்த மனுசன் மேல கொட்டிட்டு, எல்லாரையும் இழுத்துனு பஜாருக்குப் போயிட்டான்."

அத்தை சட்டியைச் சாய்த்து மீனை ஒருமுறை அலசினாள். குரல் தானாகவே இறங்கியது.

"நானும் அந்த வூட்டம்மாவும்தான் இருந்தோம். கம்லான்னு பேரு. என் வயசுதான். அவ தமிழ் பேசல, நான் இந்தி பேசல, ரெண்டு பேருக்கும் வாய் ஓயல. தண்ணிய வடிக்க எனக்கா தெரியாது? மம்முட்டி வாங்கி ஓரமா ஒரு வாய்க்கா போட்டேன். சேத்தயெல்லாம் வழிச்சித் தள்ளினோம். நெழல்ல கெடந்த பனியக் கூடைல வாரி வாரிக் கொட்டி, பாத்தி மிதிக்கற மாதிரி மிதிச்சோம். சாயங்காலம் நல்லா எறுகிடுச்சி. புள்ளைங்கள ஏத்தறதுக்கு முன்னாடி சரியா இருக்குதான்னு பாக்கணுமில்ல? பாக்கணுமா, வேணாமா? பலகைல நான் முன்னாடி, அவ பின்னாடி..."

அத்தை நிறுத்தினாள். வந்ததிலிருந்து நிவேதா கேட்ட முதல் நிறுத்தம் அது.

"நான் பொறந்ததுலேர்ந்து வரப்புல நடக்கறவ. கீழ பாத்துத்தான் நடப்பேன். மழைக்கு வழுக்கும், சேத்துக்கு வழுக்கும், கால ஊனி ஊனித்தான் நடப்பேன். அன்னிக்கு கால ரெண்டையும் தூக்கினேன் பாரு... அடிவயித்துலேர்ந்து என்னவோ குபுகுபுன்னு மேல வருது. கத்தறேனா சிரிக்கறேனான்னே தெரியல. கீழ வந்து நின்னா கம்லா எம்மேல, நான் பலகமேல. மஃப்ளர் எங்கியோ போச்சி. சரி, இடது பக்கம் எப்படின்னு பாப்போம்னு ஒரு வாட்டி. வலது பக்கம் பாக்கல இல்ல, அதுக்கு ஒரு வாட்டி. அப்பறம் நடுவுல சந்தேகம் வந்துச்சி. இருட்டற வரைக்கும் சரி பாத்தோம், கண்ணு."

இப்போது நிவேதா சிரித்தாள். அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்ததால் கண்ணில் நீர் கட்டியது. மீன் கையால் துடைக்கவும் முடியவில்லை. அத்தையும் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்த பிறகு அவள் முகம் மட்டும் சுருங்கிப் போயிருந்தது.

"புள்ளைங்களா? பஜார்லேர்ந்து வர்றப்பவே தூங்கிட்டாங்க. மறுநாள் காலைல ஆறு மணிக்கு ஊருக்கு பஸ்ஸு. அவ்ளோ தூரம் போயி அந்த ரெண்டும் சறுக்கவே இல்ல. சறுக்கினது நான்தான். அத யார்கிட்ட சொல்ல? ஜெயா புள்ளைங்களப் பாக்கறப்பல்லாம் நெஞ்சு குறுகுறுன்னுது."

ஹாரன் மறுபடியும் ஒலித்தது. அத்தை காதில் வாங்கவில்லை.

"கம்லா வாரா வாரம் வீடியோ கால்ல வருவா. போன வாரம் பனி வுழுந்துடுச்சாம், சரிவு முழுக்கக் காட்டினா. ஒரு பக்கம் சரிஞ்சிருந்துச்சி, கட்டச் சொன்னேன், கட்டிட்டா. அவ வூட்டுக்காரர்தான் இன்னும் சூடா இருக்காரு. எவனோ பஞ்சநாதன் பேர்ல ரெண்டு வாட்டி ரூம்பு கேட்டானாம். எப்படிப் புரிஞ்சிதுன்றியா? பஞ்சநாதன்னு சொல்லிட்டு, கையால இப்படி வெட்டிக் காட்டறாரு. இதுக்கு இந்தி வேணுமா? அப்பால கம்லா என்னியக் காட்டி, கதவத் தெறந்து காட்டறா. நான் வந்தா தெறப்பாங்களாம்."

சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"சரி, நீ சொல்லு. அவங்க எல்லாரும் சேந்து உங்கிட்ட இன்னா சொல்லி அனுப்பினாங்க? அரவிந்தன் முனையில நின்னு அடிக்கறதுகூட தெரியாதவளா நான்? கூச்சப்படாத. சொல்லு."

சொல்வதற்கு முழு அவகாசமும் கிடைத்த அந்தக் கணத்தில், தான் சுமந்து வந்த வாக்கியத்தைத் தேடிப் பார்த்த நிவேதாவுக்கு அதில் ஒரு சொல்கூட உபயோகப்படுகிற நிலையில் இல்லை என்று தெரிந்தது. சோப்புப் போட்டுக் கைகழுவி, போனிலிருந்த படத்தை அத்தையிடம் நீட்டினாள். அத்தை அந்த நீலக் கூரையை விரலால் தொட்டு, அதே வீடுதான் என்றாள். பிறகு, நிபந்தனைகளைச் சொல்லத் தொடங்கினாள்.

தெருமுனையில் அரவிந்தன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கேட்டான்:

"சொல்லிட்டியா? ரொம்ப அழுதாங்களா?"

"வண்டிய எடுங்க. உங்கப்பாகிட்ட பேசணும்," என்று நிவேதா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "அவர் குத்தின ஸ்டார எடுக்கணும். அந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேக்கணும். ரெண்டும் பண்ணாத்தான் அத்தை நம்மளக் கூட்டிட்டுப் போவாங்களாம்."

"நம்மளயா?"

"பிள்ளைங்களையும் ஜெயாவையும் எப்படியும் கூட்டிட்டுப் போறாங்க. உங்களயும் உங்கப்பாவையும்தான் யோசிக்கிறேன்னு சொன்னாங்க."

"அப்ப நீ?"

"எனக்கு எடம் உறுதி," என்றாள் நிவேதா. "பிள்ளைங்க சறுக்கி முடிச்சதும், பலகைல அத்தைக்கு முன்னாடி நான்."