அஃபுவா பிறந்த கிழமை

மான்சா: ...டாக்டர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டு, இங்க பெஞ்சுல வந்து சௌகரியமா உக்காந்திருக்கே.

ஒபிரி: கேட்டாரு, சொன்னேன்.

மான்சா: என்னத்த சொன்னே? உன் மக அஃபுவா என்னிக்குப் பொறந்தான்னு கேட்டா புதன்கிழமைங்கறே. வெள்ளிக்கிழமை பொறந்ததாலதானேய்யா அவ அஃபுவா. புதன்னா அகுவான்னுல்ல வெச்சிருப்போம். நம்ம ஊர் குமாசியில தெருவுல திரியற பைத்தியம்கூட இதுல தப்பு பண்ணாது.

ஒபிரி: ஏதோ வாய் தவறி...

மான்சா: தவறுற வாயா அது? முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டுல ஊர் பேரா கூவின வாய். இன்னிக்குக் காலையிலகூட எஜிசு, கொனொங்கோ, என்சவாம், அக்ரான்னு மூச்சுவிடாம சொன்னியே.

ஒபிரி: அது... தானா வருது.

மான்சா: ஊரு தானா வரும். பெத்த பொண்ணு வரமாட்டா. அப்படித்தானே?

ஒபிரி: நர்ஸ் சொன்னாளே. கிட்னி போயி ரத்தத்துல அழுக்கு சேந்தா மறதி வரும்னு.

மான்சா: நல்ல சாக்கு கெடச்சுது உனக்கு.

ஒபிரி: மெதுவாப் பேசு. பாக்கறாங்க.

மான்சா: பாக்கட்டும். கிட்னி குடுக்கறேன்னு அஃபுவா எல்லா டெஸ்டும் முடிச்சிட்டு நிக்கறா. வேளாவேளைக்கு மாத்திரை போடற நிதானம் உனக்கு இருக்கான்னு தெரிஞ்சாதான் ஆபரேஷன். அதுக்குத்தான் இந்தக் கேள்வியெல்லாம். அதுல போயி... இங்க பாரு. என் மூஞ்சியப் பாரு. அவ மேல கத்தி படக் கூடாதுன்னுதானே நடிச்சே?

ஒபிரி: வா, வீட்டுக்குப் போலாம்.

மான்சா: கேட்டதுக்குப் பதில் சொல்லு.

ஒபிரி: ஆமா. நடிச்சேன்.

மான்சா: அடப்பாவி... எனக்குத் தெரியும். வாரத்துக்கு ரெண்டு நாள் அந்த மிஷின்ல கெடந்து துடிக்கறே, இதுல தியாகி வேஷம் வேற. நீ போயிட்டா நானும் அவளும் என்னய்யா பண்ணுவோம்? சந்தையில கிழங்கு விக்கறவதானே, இவளுக்கு என்ன தெரியப் போவுதுன்னு நெனச்சியா?

ஒபிரி: திட்டு. இன்னும் திட்டு.

மான்சா: சிரிக்காத. பத்திக்கிட்டு வருது எனக்கு. எந்திரி. டாக்டர் போறதுக்குள்ள உள்ள போயி, நடிச்சேன்னு ஒத்துக்கிட்டு சரியான பதிலைச் சொல்லிட்டு வா.

ஒபிரி: வேணாம், மான்சா.

மான்சா: ஏன் வேணாம்? ஒரே ஒரு கிழமை. அதச் சொல்ல வலிக்குதா?

ஒபிரி: அந்தக் கிழமைய இப்பதான் நீ சொன்னே... அதுவும் மனசுல நிக்கல. நான் நடிக்கலடி. நடிச்சேன்னா திட்டுவே, நெசமாவே தெரியலன்னா அழுவே. நீ திட்டிட்டே இரு.