அசுத்தமான குருவியள்

உள்ளுக்கை வராதேங்கோ பாஸ்ரர், வாசலிலையே நில்லுங்கோ. என்ரை வீட்டிலை தீட்டுக் கிடக்கு. போன ஞாயிறு மேடையிலை நிண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.

என்ன, ஆரையும் குறிச்சுச் சொல்லேல்லையோ? எனக்கு விசர்க்கதை சொல்லாதேங்கோ. லேவியராகமத்தை விரிச்சு வைச்சுக் கழுகு, பருந்து, காகம், ஆந்தை எண்டு ஒவ்வொண்டா வாசிச்சியள். பிணத்திலை வாய் வைக்கிறதாலை கர்த்தர் அதுகளை அருவருக்கச் சொன்னவர் எண்டியள். அதோடை விட்டியளே? காசுக்காகச் சவத்தைத் தொட்டுக் கழுவித் திரியிற மனுசரும் அந்தக் குருவியள்தான் எண்டியள். டென்மார்க்கிலை, இந்தக் கோல்டிங் ரவுணிலை எங்கடை சனத்துக்குள்ளை, முதியோர் இல்லத்திலை செத்த ஆக்களைக் கழுவுறது ஆர்? இந்தக் கிளோறியா ஒருத்திதான். முழுச் சபையும் திரும்பி என்னைத்தான் பாத்தது. பேந்து தேத்தண்ணி நேரம், நான் விடியவெள்ளன எழும்பிச் சுட்டுக் கொண்டுவந்த வடையை ஒருத்தரும் தொடேல்லை. தட்டோடை அப்பிடியே பஸ்ஸிலை திருப்பிக் கொண்டுவந்தனான்.

நாரையும் அந்த வரிசையிலைதான் கிடக்கு, பாத்தனீங்களோ? அது எந்தச் சவத்தைத் திண்டது? அது பாட்டுக்குத் தவளை பிடிக்கிற குருவி. விளக்கம் சொல்ல வெளிக்கிட்டால் ஒழுங்காச் சொல்லவேணும்.

பையிலை என்ன, சீலையோ? விளங்குது. உங்கடை அம்மா செத்துப்போனது காலமையே கேள்விப்பட்டனான். சவப்பெட்டி கொண்டுவாற டெனிஸ்காரனுக்குச் சீலை உடுத்தத் தெரியாது. உங்கடை மனுசி சாரங்கிக்குப் பயம். சபைப் பொம்பிளையள் ஒருத்திக்குக் கை நோ, மற்றவளின்ரை பிள்ளைக்குக் காய்ச்சல். கடைசியிலை காகத்தைத் தேடி வந்திட்டியள்.

மன்னிப்பு இஞ்சை வேண்டாம். பேசின மேடையிலை ஏறி நிண்டு கேளுங்கோ.

சரி, எலியா தீர்க்கதரிசி ஆத்தங்கரையிலை ஒளிச்சிருக்கேக்கை அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்து குடுத்தது என்ன குருவி? பைபிள் படிச்சனீங்கள்தானே, சொல்லுங்கோ. ஓம், காகம். தீட்டெண்டு அவர் துப்பினவரோ? திண்டுதான் உயிர் தப்பினவர்.

நான் வாறன். உங்களுக்காக இல்லை, உங்களை எனக்குக் கண்ணிலை காட்டக்கூடாது. உங்கடை அம்மா விக்ரோரியா அன்ரிக்காக வாறன். நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசிலை எனக்கு இந்த வேலையைப் பழக்கினதே அவதான்.

என்ன முழிக்கிறியள்? ஆசுப்பத்திரிக் குசினியிலை சமையல் வேலை எண்டுதானே உங்களுக்குச் சொன்னவ. குசினியுமில்லை ஒண்டுமில்லை. கீழை, பிரேத அறையிலை. பென்சன் எடுக்குமட்டும் அங்கைதான். பள்ளிக்கூடத்திலை பெடியள் உங்களைப் பகிடி பண்ணுவாங்கள் எண்டு, ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. கையைச் சவுக்காரம் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிப்போட்டு வந்துதான் உங்களுக்குச் சோறு தீத்தினவ. போன ஞாயிறு முன்வரிசையிலை, சில்லுக்கதிரையிலை இருந்து நீங்கள் பேசினதெல்லாத்தையும் கேட்டவ. கை ரெண்டையும் சால்வைக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு இருந்தவ, நான் பாத்தனான்.

அழுறதைப் பேந்து அழுங்கோ. நில்லுங்கோ, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாறன். செத்த ஆளுக்குத் தனிய ஒராள் சீலை உடுத்தேலாது, அதுவும் அவதான் சொல்லித்தந்தவ. நான் கொய்யகத்தை மடிச்சு இடுப்பிலை செருகேக்கை ஒராள் தோளைத் தூக்கி நெஞ்சோடை அணைச்சுப் பிடிக்கவேணும். மணிக்கூட்டைக் கழட்டிப்போட்டு, சட்டைக் கையை முழங்கை மட்டும் மடிச்சு விடுங்கோ.