இன்னும் முடிவு பண்ணலை

— ஆகவே ஹோஸியா அவர்களே, நான் கவுண்டி சூப்பர்வைசரா பதவியேற்ற மறுநாளே, இந்த மிசிசிப்பி மண் இதுவரை கண்டிராத ஒரு தார் ரோடு உங்க வாசல்ல வந்து நிற்கும்.

— போன வாரம் சொன்னப்ப ரெண்டு பக்கமும் விளக்கு இருந்துச்சே, டெல்மர் சார்.

— விளக்கும் உண்டு. எரியற விளக்கு.

— அப்ப சரி. பெக்கான் பருப்பு வெச்சு சுட்ட பை இன்னொரு துண்டு வைக்கட்டா? பருப்பு புதுசு.

— வைங்க. ஆனா இது அஞ்சாவது தடவை. விடிஞ்சா தேர்தல். இன்னமும் யோசிக்கறேன்னா எப்படி?

— பெரிய பதவி பாருங்க. அவசரப்படலாமா?

— காலையில ஏழு மணிக்கு நானே கார் எடுத்துட்டு வரேன். நேரா பூத்துல இறக்கி விடறேன்.

— கார் வேணாம் சார்.

— ஏன்? எதிராளி கார்ல போறீங்களா?

— தட்டுல இருக்கற பையைச் சாப்பிட்டு முடிங்க, சொல்றேன். சொன்னா எழுந்து போயிடுவீங்க.

— முடிச்சாச்சு.

— எனக்கு ஓட்டு இல்ல. எண்பத்தெட்டாம் வருஷம் கம்பெனிக் காட்டுல நாலு பைன் மரம் திருட்டுத்தனமா வெட்டி வித்தேன். ஒன்றரை வருஷம் உள்ள. வெளிய விட்டப்ப பெல்ட்டைக் குடுத்தாங்க, வாட்ச்சைக் குடுத்தாங்க, ஓட்டைக் குடுக்கல. என் தங்கச்சி மகன் கஞ்சா வித்து உள்ள போனான். அவன் ஜெயில்லேருந்தே தபால்ல ஓட்டுப் போட்டான். மரம் திருடினா ஓட்டு போயிடும், கஞ்சா வித்தா போகாது. நம்ம சட்டத்துல மரத்துக்குத்தான் மரியாதை.

— ஓட்டைத் திரும்ப வாங்கறதுக்கு வழி இருக்கே.

— இருக்கே. என் ஒருத்தன் பேருல தனியா மசோதா போடணும். ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஆளுங்க கை தூக்கணும். என் கல்யாணத்துக்கே அத்தனை பேர் வரலை சார்.

— இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

— போடறேன்னா அடுத்த வீட்டுக்குப் போயிடுவீங்க. மாட்டேன்னாலும் போயிடுவீங்க. யோசிக்கறேன்னு சொன்னாத்தானே மறுபடி வருவீங்க. என் வீட்டுக்காரி வெர்லீன் செத்து மூணு வருஷமாச்சு. இந்த மேசையில ரெண்டாவது தட்டு எடுத்து வெச்சது உங்களுக்குத்தான். கோவமா?

— கோவமில்ல. எனக்குத் தெரியும்.

— எது?

— அப்ப கோர்ட்டுல கிளார்க்கு நான். ஓட்டர் பட்டியல்லேருந்து உன் பேரை அடிச்சு எடுத்தது என் கைதான்.

— தெரிஞ்சுமா அஞ்சு தடவை வந்தீங்க?

— ஓட்டு இருக்கற வீட்டுல யாரும் என்னை உள்ள கூப்பிடறதில்ல, ஹோஸியா.