துடுப்பால் மூன்று தட்டு

சோறு நன்றாக இருந்தது ஐயா. கருவாட்டில் மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கல். காவல் நிலையத்தில் இப்படிக் கவனிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. இனி எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் தாவோன். தாய்லாந்தைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்காகப் பாங்-ங்கா விரிகுடாவில் பத்தொன்பது வருடங்களாகச் சொந்தப் படகு ஓட்டுகிறேன். கும்பலாக ஏற்றுவதில்லை. யார் வாடகைக்கு எடுக்கிறார்களோ, அன்று முழுக்கப் படகு அவர்களுக்குத்தான். தம்ரோங் என் தங்கை விலாயின் கணவன். பதினொரு வருடமாக என்னுடன் வருகிறான். வந்தான் என்று எழுதுங்கள்.

செங்குத்துப் பாறைகளைச் சுற்றிக்காட்டிவிட்டுக் கடைசியில் பாறைக்குள் இருக்கும் குளத்துக்குப் போவோம். அதற்கு ஒரே வழி ஓர் இருட்டுக் குகை. கடல் வற்றியிருக்கும்போது நீந்திப் போய்விடலாம். தம்ரோங்தான் ஆட்களை உள்ளே கூட்டிப்போவான், நான் படகில் இருப்பேன். நீர் ஏறினால் குகையின் நடுப்பகுதி கூரைவரை மூடிவிடும். குளத்தில் இருப்பவனுக்கு அது தெரியாது. படகில் இருப்பவன்தான், பாறையில் சிப்பி ஒட்டியிருக்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீர் கோட்டுக்குக் கீழே இருந்தால் துடுப்பால் படகில் மூன்று தட்டு. வழி இருக்கிறது, வா என்று அர்த்தம். தட்டு கேட்காவிட்டால் வரக்கூடாது. குளத்து ஓர மர வேரில் உட்கார்ந்து ஆறு மணி நேரம் கொசுக்கடி பட்டால் போதும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் கடலில் அந்தத் தட்டை எவனும் சந்தேகப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை மார்கிட் அம்மாள் தனியாக வந்தார். நார்வேக்காரர், அறுபது வயதிருக்கும். தம்ரோங் படகு முகப்பில், படகைக் காக்கும் அம்மனுக்குக் கட்டிய வண்ணத்துணியின் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"மாப்ளே, எறங்கு. மே யா நாங் அம்மன் இருக்கிற இடம்."

"அம்மனுக்கு நான்னா உசிரு மச்சான். நீங்க ஏன் பொறாமப்படுறீங்க?"

பிறகு அந்த அம்மாளிடம் திரும்பினான். "இவரு கடலுக்கே ராஜாம்மா. ஆனா..." என்று கொஞ்சம் நிறுத்தினான். "நீச்சல்தான் தெரியாது. படகு கவுந்தா மொதல்ல இவரத் தூக்கணும். நீங்க அது வரைக்கும் கொஞ்சம் சமாளிச்சுக்கோங்க."

அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் அங்கேதான் சிரிப்பார்கள். அதே பாறை, அதே நிறுத்தம், மழைக்காலம் போக வருடத்துக்கு இருநூறு தடவை. தங்கை மகள் அதைப் பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லியிருக்கிறாள். எனக்கு நீச்சல் தெரியாது என்பது உண்மைதான், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அம்மன் துணிமேல் உட்கார்ந்தானே, அதுதான் என்னை உறுத்தியது. அதை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

குளத்தைப் பார்த்துவிட்டு அம்மாளும் தம்ரோங்கும் சரியான நேரத்தில் வந்துவிட்டார்கள். படகில் ஏறிய பிறகுதான் அம்மாள் தலையைத் தடவிப் பார்த்தார். தொப்பியை உள்ளே வேரில் மாட்டிவிட்டு வந்திருந்தார்.

"தொப்பிதானேம்மா, அஞ்சே நிமிஷம். மச்சான், தண்ணியப் பாத்துக்கோங்க," என்று டார்ச்சோடு குதித்தான்.

பார்த்துக்கொண்டேன். அவன் போனபோது நீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே இருந்தது. அப்போதே தட்டியிருந்தால் வந்திருப்பான். நான் தட்டவில்லை. நீர் சிப்பியைத் தொட்டது. சிப்பி முங்கியது. அதற்கு மேல் ஒரு சாண் ஏறும்வரை பொறுத்திருந்தேன். பிறகு துடுப்பை எடுத்து மூன்று தட்டு தட்டினேன். காற்றில்லாத நேரம், தெளிவாகக் கேட்டிருக்கும்.

"வந்துடுவாரா?" என்று அம்மாள் கேட்டார்.

"வருவாம்மா. சொன்ன பேச்சு கேக்குறவன்."

அவனை யாரும் பிடித்துத் தள்ளவில்லை ஐயா. நடுவில் கூரை மூடியிருந்ததை அவனே பார்த்திருப்பான். மச்சான் தட்டியிருக்கிறார், அப்படியானால் ஒரே முழுக்குத்தான் என்று நம்பி முங்கியிருப்பான். சாயங்காலம் நீர் இறங்கியபோது தொப்பி முதலில் வந்தது, பிறகு அவன் வந்தான். விலாயிடம் நானே போய்ச் சொன்னேன். என் மடியில் படுத்துத்தான் அழுதாள். தெரிந்தே தட்டினேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அரைமணி நேரமாகியும் அவன் வராதபோது, அந்த அம்மாள் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். உள்ளே போய்ப் பார், குதி என்று கத்தினார். நான் அமைதியாக, "காலையிலயே சொன்னானேம்மா, நான் கடலுக்கே ராஜா. ஆனா..." என்று அவன் நிறுத்துகிற அளவுக்கே நிறுத்தினேன். "நீச்சல்தான் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. அவன் சொன்னால் மட்டும்தான் சிரிக்கிறார்கள்.