கட்டில் கடை வாசல்ல பஸ் நிக்குது

...மூச்சு வாங்குதுல்ல? வாங்கும். எல்லாருக்குந்தான் வாங்குது. கீழ ரோட்டுல இறங்கி இந்த மேட்ட ஏறி வர்றதுன்னா சும்மாவா? உக்காருங்க, தண்ணி குடிங்க, அப்புறம் டை அடிச்சுக்கலாம். முன்னாடியெல்லாம் பஸ்ஸு இந்தா, என் பார்லர் கண்ணாடிக்கு நேரா வந்து நிக்கும். இப்போ எங்க நிக்குது? கீழ, கட்டில் கடை வாசல்ல. ஏன்னா கட்டில் கடைக்காரர்தான் நம்ம வார்டு மெம்பர். மேடு ஏற முடியாதவங்க அங்கயே ஒரு மெத்தைய வாங்கிப் படுத்துக்கட்டும்னு நெனச்சாரோ என்னவோ... தலைய நிமித்துங்க. ஆங், அப்படித்தான்.

நீங்க எதிர் வீட்டுக்குக் குடி வந்து எத்தன மாசம்... ஒரு வருஷமா? அப்போ ஓட்டர் லிஸ்டுல பேரு வந்திருக்குமே. பாத்தீங்களா, இல்ல வந்திருக்கும்னு ஒரு நெனப்பா? சரி, ஸ்லிப்பு வந்துடுச்சு, பையிலயே இருக்கு. ஆனா இன்னும் போடல. என்னங்க நீங்க, இன்னிக்குத்தானே ஓட்டு. ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுதுன்னு சொல்றீங்க பாருங்க, அத மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. குனிங்க, பின்கழுத்துல வழியுது.

போன தடவ ரெண்டு பேரு நின்னாங்க. ஒருத்தர் இந்தக் கட்டில் கடைக்காரர். இன்னொருத்தங்க ஸ்கூல் வேன் ஓட்டுற அக்கா. ஸ்டாப்ப மாத்த விடவே மாட்டேன்னு வீடு வீடா வந்து சொன்னாங்க, தங்கமான மனுஷி. எண்ணிப் பாத்தா அவருக்கும் நானூத்திப் பன்னெண்டு, இவங்களுக்கும் நானூத்திப் பன்னெண்டு. ஆபீசர் என்ன பண்ணாரு, ரெண்டு பேரையும் சீட்டுல எழுதி கண்ணாடி டம்ளர்ல போட்டுக் குலுக்குனாரு. வந்தது கட்டில். இன்னும் ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தா நீங்க இப்படி மூச்சு வாங்குவீங்களா, நீங்களே சொல்லுங்க.

இதுல செல்லாத ஓட்டு வேற. மாடி வீட்டு அத்தை இருக்காங்களே, ரெண்டு பேருமே தெரிஞ்சவங்க, ஒருத்தர விட்டுட்டு ஒருத்தருக்குப் போட மனசு வரலன்னு ரெண்டு கட்டத்துலயும் முத்திரையக் குத்தி, கீழ 'நல்லா இருங்க'ன்னு எழுதிட்டு வந்திருக்காங்க. அவங்களே பெருமையா சொன்னாங்க. கோவிச்சுக்கவா முடியும்? நீங்க கேட்டுக்கங்க. ஸ்லிப்போட போட்டோ இருக்குற கார்டும் வேணும். முக்குல இருக்குற ஸ்கூலு, ரெண்டாவது ரூம். பேரப் பாப்பாங்க, விரல்ல மை வைப்பாங்க, ரெண்டு சீட்டு தருவாங்க. வெள்ள சீட்டு வார்டு மெம்பருக்கு, ரோஸ் சீட்டு ஊர்த் தலைவருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு கட்டத்துல முத்திர. கையெழுத்து கூடாது, வாழ்த்து கூடாது. முத்திர காஞ்சப்புறம் மடிக்கணும், இல்லன்னா எதிர்க் கட்டத்துலயும் ஒட்டிக்கும். யாருக்குப் போட்டீங்கன்னு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். என்கிட்ட மட்டும் வேணா கண்ணக் காட்டுங்க... இல்ல இல்ல, அதுவும் வேண்டாம், தப்பு.

நம்ம தெருவுல ஒரே ஒரு ஓட்டு விழலன்னு தெரிஞ்சதும், அதப் போடாம விட்டது யாருன்னு தெருவே தேடுச்சு. பேக்கரிக்காரர் மேல சந்தேகம், தபால்காரர் மேல சந்தேகம். ஆறு மாசம் நானும் கூடவே சேந்து தேடினேன்ங்க. ...கண்ணாடியில என்ன அப்படிப் பாக்காதீங்க. சரி, சொல்லிடுறேன். அது நான்தான்.

சிரிக்காதீங்க. அன்னிக்குக் காலையிலேர்ந்து பதினாறு பேர நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி ஸ்கூல் வாசல்ல விட்டேன். நம்ம ஓட்டு எங்க ஓடிடப் போகுது, அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கேன்னு கடைக்கு வந்தேன். ஒரு அம்மா முடி வெட்ட வந்தாங்க. அவங்கள உக்கார வெச்சு, எப்படி ஓட்டு போடணும்னு ஒண்ணு விடாம சொல்றேன், அவங்களும் தலைய ஆட்டுறாங்க. எல்லாம் முடிச்சு மேல போத்துன துணிய எடுத்தா, விரல்ல மை! காலையில ஏழு மணிக்கே போட்டுட்டாங்களாம். 'நீங்க ஆசையா சொன்னீங்க, நடுவுல பேச மனசு வரல'ங்குறாங்க. சீப்போட ஓடினேன். அஞ்சு மணிக்குள்ள வரிசையில நின்னுட்டா எந்நேரமானாலும் போட விடுவாங்க. நான் போனப்போ அஞ்சு மணி தாண்டி மூணு நிமிஷம். கேட்டு மூடியாச்சு.

அந்த வேன் அக்கா இன்னிக்கும் என்னப் பாத்தா வண்டிய நிறுத்தி, 'உன்ன மாதிரி ஆளுங்க போட்ட ஓட்டாலதான் சரிசமமா வந்தேன் தங்கச்சி'ங்குறாங்க. எங்க போயி முகத்த வெச்சுக்குறது? இன்னிக்கு வரைக்கும் அவங்ககிட்ட சொல்லலைங்க. அழுகையா வருது.

இன்னிக்கு மறுபடியும் நிக்கிறாங்க. இந்தத் தடவ விட மாட்டேன். நானும் இன்னும் போடல, உங்க தல முடிஞ்சதும் ரெண்டு பேரும் நேரா ஸ்கூலுதான். ஊறுனது போதும், வெந்நீர் வருதான்னு பாக்குறேன்... இந்தக் குழாய் வேற, தொறந்தா அரை மணி நேரம் முனகும், அப்புறந்தான் தண்ணி... வருது, வருது. வாங்க, அலசிடலாம். ஏங்க... எங்க போனாங்க? இங்கதானே இருந்தாங்க... அட, அதோ. தலையில டையோட, கழுத்துல துண்டோட, கார்டக் கையில புடிச்சுக்கிட்டு ஸ்கூல் பக்கம் ஓடுறாங்களே. மணி என்ன... ஐயையோ, அஞ்சாக நாலு நிமிஷம். ஏங்க, பாத்து ஓடுங்க, அங்க ஒரு பள்ளம் இருக்கு... இருங்க, என் கார்டு எங்க... இந்தா இருக்கு... வரேன், நானும் வரேன், உங்க பின்னாடியே நிக்கிறேன், ஒரு வார்த்த பேச மாட்டேன்...